கையால் பூட்டிய லொறிகள்: ரோபோ வருமுன் தொழிற்சாலைக்குள் நடந்தது என்ன?

பழைய லொறி ஒன்று தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கும்போது பெரும்பாலும் தலைகீழாகத்தான் கிடந்தது. நீளமான இரண்டு எஃகுச் சட்டங்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்ட செஸியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கி, அதற்கும் மேலே சில்லுகள் பூட்டும் தண்டான அக்சிலை இறக்கி, யூ வடிவ போல்ட் போட்டு முறுக்குவார்கள். ஏன் கவிழ்க்க வேண்டும்? லொறியின் அடியில் வரும் கனமான சாமான்களை நாள் முழுக்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பூட்ட எந்த மனிதனாலும் முடியாது. குனிந்து நின்று பூட்டலாம். முன் அக்சிலும் பின் அக்சிலும் ஏறியதும் முழுச் சட்டத்தையும் சங்கிலியில் கொழுவித் தூக்கி ஒரு புரட்டுப் புரட்டி நிமிர்த்துவார்கள். அதற்குப் பிறகுதான் அது லொறி மாதிரித் தெரியத் தொடங்கும்.

இப்போது கொழும்பில் பஞ்சிகாவத்தையிலோ கிராண்ட்பாஸ் பக்கமோ ஏதாவதொரு கராஜுக்குப் போய்ப் பாருங்கள். அதே யூ போல்ட்டை, அதே ஸ்பிரிங் பட்டையை, தரையில் காட்போட் மட்டையை விரித்து மல்லாந்து கிடந்தபடி மெக்கானிக் பாஸ் ஒருவர் கழற்றிக்கொண்டிருப்பார். லொறியைக் கவிழ்க்க இங்கே வழியில்லை. ஆனாலும் வேலை நடக்கிறது. ஸ்பானர் போய்ச் சேருகிறது, நட்டு கழருகிறது. பெட்ஃபோர்டும் லேலண்டும் பழைய டாட்டாவும் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு "அந்தக் காலத்து இரும்பு அப்படி" என்று சொல்வது நம்மவர் வழக்கம். இரும்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த லொறியின் ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு மனிதன், நின்ற இடத்தில், சில நிமிடங்களுக்குள், கையில் பிடித்த கருவியால் முறுக்கியாக வேண்டும். கை எட்டாத இடத்தில் போல்ட்டை வைத்தால் லைன், அதாவது லொறி நகர நகரப் பூட்டப்படும் வரிசை, நின்றுவிடும். தொழிற்சாலைக்காரர் நமது மெக்கானிக்குகளை நினைத்து இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு இல்லை இது. தங்கள் லைன் ஓடவேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். பலன் நமக்கும் வந்து சேர்ந்தது.

காருக்கு வந்த லைன், லொறிக்கு வந்தபோது

ஓடும் லைன் என்ற ஏற்பாடு 1913 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்ட் தொழிற்சாலையில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. மொடல் டி காரின் செஸியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக, வழிநெடுக நின்ற ஆட்கள் பாகங்களைப் பூட்டினார்கள். அதுவரை ஒரு செஸியைப் பூட்டி முடிக்க ஏறக்குறைய 12½ மணித்தியாலம் பிடித்தது. 1914இல் அது 1 மணி 33 நிமிடமாகக் குறைந்தது. கேட்க அற்புதமாக இருக்கிறது. உள்ளே நின்றவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. 1913இல் அந்த நிறுவனத்தின் ஆள்மாற்றம் 370 வீதம். அதாவது 100 இடங்களை நிரப்பி வைத்திருக்க ஒரே ஆண்டில் ஏறக்குறைய 370 பேரைப் புதிதாகப் பிடிக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்ட் நாளொன்றுக்கு 5 டொலர் என்று அறிவித்ததைப் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு இந்த 370தான் அதற்கு விளக்கமாகப் படுகிறது.

1917இல் அதே நிறுவனம் மொடல் டிடி என்ற ஒரு தொன் லொறியைக் கொண்டுவந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அதை வெறும் செஸியாகவே விற்றார்கள். பாடி கட்டுவது வாங்கினவர் பாடு. கொழும்பு லொறிக்காரருக்கு இது புதிய கதை இல்லை. வெறும் செஸியை இறக்கி, பலகையும் தகரமும் கொண்டு இங்கேயே பாடி கட்டுவது பழகிப்போன தொழில்.

காருக்கும் லொறிக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கார் லைனில் நிறம் மாறும், சீட்டுத் துணி மாறும்; மற்றபடி வருவது ஒன்றுதான். லொறி அப்படி இல்லை. மண் ஏற்றுகிறவருக்குக் கட்டையான செஸி வேண்டும். தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவருக்கு நீளமானது வேண்டும். பஸ் பாடி கட்டப் போகிறவர் ஒன்று கேட்பார், தீயணைப்புப் படை இன்னொன்று கேட்கும். சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரம், அக்சில் விகிதம், கியர் பெட்டி, ஸ்பிரிங் பட்டையின் தட்டுகள், டயர் அளவு என்று ஒவ்வொன்றும் மாறும். ஆகவே ஒவ்வொரு செஸியோடும் ஒரு தாள் போகும். இந்த லொறிக்கு எந்த அக்சில், எந்தத் தாங்கி என்று அதில் எழுதியிருக்கும். தொழிலாளி அதைப் படித்து, தட்டிலிருந்து சரியான பாகத்தை எடுத்து, பூட்ட வேண்டும். ஒரே போல்ட்டை ஆயிரம் தடவை முறுக்கும் ஆள் என்று நாம் கற்பனை செய்கிற உருவம் கார் தொழிற்சாலைக்கே அதிகம் பொருந்தும். லொறி லைனில் நின்றவருக்குச் செய்ய வேண்டிய வேலைகளும் அதிகம், ஒரு லொறிக்குக் கிடைத்த நேரமும் அதிகம். சலிப்புக் குறைவு என்றாலும் சுமை அதிகம்.

இதை ஓர் எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். 1970களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் லோர்ட்ஸ்டவுன் கார் தொழிற்சாலை மணிக்கு ஏறக்குறைய 100 கார் வேகத்தில் ஓடியது. ஓர் ஆளுக்கு ஒரு காரில் கிடைத்தது 36 விநாடி. கனரக லொறி லைன்களில் அதே கணக்கு நிமிடங்களில் போகும்.

ரோபோவுக்கு முன் எல்லாமே கைவேலைதான் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மில்வோக்கி நகரின் ஏ. ஓ. ஸ்மித் நிறுவனம் 1921இலேயே கார்ச் சட்டங்களை ஏறக்குறைய முழுவதும் இயந்திரத்தால் செய்யும் ஆலை ஒன்றைத் தொடக்கியது. எஃகுத் தகடு ஒரு பக்கம் போகும். வளைத்து, துளையிட்டு, ரிவெட் (முனையை நசுக்கிப் பூட்டும் ஆணி) அடித்த சட்டம் மறுபக்கம் வரும். எட்டு விநாடிக்கு ஒன்று, நாளொன்றுக்கு 10,000 வரை. 1958 வரை அது ஓடியது. அப்படியானால் லொறிக்கும் ஏன் அதைச் செய்யவில்லை? அந்த இயந்திரத்துக்கு ஒரு வடிவம்தான் தெரியும். வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் ஆலையையே பிரித்து அடுக்க வேண்டும். இலட்சக்கணக்கில் ஒரே சட்டம் விற்கும் காருக்கு அது கட்டுப்படியாகும். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு நீளம் கேட்கும் லொறிக்குக் கட்டாது. எதையும் செய்யப் பழகக்கூடிய, அடுத்த வாரமே வேறொன்றைச் செய்யச் சொல்லக்கூடிய ஒரே கருவி அன்றைக்கு மனிதன்தான். பின்னாளில் ரோபோ கொண்டுவந்த புதுமையும் வேகம் இல்லை. வேலையை மாற்றிச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் அதன் புதுமை.

லைன் நெடுக

சட்டத்தில் ரிவெட் அடிப்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டு நீளச் சட்டங்களையும் ஒரு தாங்கியில் நேராகப் பிடித்து வைத்து, குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, மேலேயிருந்து தொங்கும் கனமான அமுக்கியைக் கொண்டுவந்து ரிவெட்டை நசுக்குவார்கள். வெல்டிங் ஏன் இல்லை என்று கேட்கலாம். லொறிச் சட்டம் பாரம் ஏற ஏற முறுகும். சூடுபட்ட இடத்தில் எஃகு பலம் குறைந்து, அங்கிருந்து வெடிப்பு ஓடும். ரிவெட் அந்த முறுக்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தாங்கும். எங்கள் ஊரில் சட்டம் வெடித்த லொறிக்குக் கண்ட இடத்தில் வெல்டிங் பிடிக்கும் பாஸ்மாரைப் பழைய ஆட்கள் திட்டுவதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் கவிழ்ந்து, அக்சில் ஏறி, நிமிர்ந்த பிறகு பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் பெட்டி, எரிபொருள் தாங்கி, வயர்கள். நெஞ்சளவு உயரத்தில் செஸி நகரும். இரண்டு பக்கமும் ஆட்கள். சில தொழிற்சாலைகளில் லைனுக்கு அடியில் குழி வெட்டி, அதற்குள் நின்றும் வேலை செய்தார்கள். குழிக்குள் நிற்பவர் மேல் எண்ணெயும் இரும்புத் தூளும் சிந்திக்கொண்டேயிருக்கும்.

அடுத்தது எஞ்சின் இறங்கும் இடம். எஞ்சினையும் கிளட்ச்சையும் கியர் பெட்டியையும் பக்கத்து லைனில் ஒன்றாகப் பூட்டி, மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்கவிட்டு, நகரும் செஸிக்கு நேராகக் கொண்டுவருவார்கள். அரைத் தொன் அளவான இரும்பு சங்கிலியில் ஆடிக்கொண்டு வரும். இரண்டு மூன்று பேர் கையால் பிடித்து வழிகாட்டி இறக்குவார்கள். தாங்கியின் துளையும் சட்டத்தின் துளையும் ஒருபோதும் உடனே ஒத்துப்போகாது. கூர்முனைக் கம்பியைத் துளைக்குள் விட்டு நெம்பி, ஒத்துவந்த அந்தக் கணத்தில் போல்ட்டைத் தள்ள வேண்டும். விரலைத் துளைக்குள் விட்டுப் பார்க்கும் புதியவரைப் பழையவர்கள் அதட்டி இழுப்பார்கள். தொங்கும் எஞ்சின் ஒரு அங்குலம் அசைந்தால் விரல் போய்விடும்.

முறுக்கும் கருவி பெரும்பாலும் காற்றழுத்தத்தில் ஓடும் ஸ்பானர். மேலேயிருந்து ஸ்பிரிங்கில் தொங்கும். இழுத்து, நட்டில் மாட்டி, விசையை அழுத்தினால் கடகடவென்று அடித்து முறுக்கும். பாரம் ஸ்பிரிங்கில் இருந்தாலும் அதிர்வு முழுவதும் கைக்குத்தான். வருடக்கணக்கில் அதைப் பிடித்தவர்களுக்குக் குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது. சத்தம் வேறு. காது மந்தமாகிப்போவது அந்தத் தொழிலோடு வருகிற ஒன்றாகவே நினைக்கப்பட்டது.

அந்தக் காற்று ஸ்பானர் எவ்வளவு இறுக்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. குழாயில் அழுத்தம் குறைந்தால் இறுக்கம் குறையும், ஆள் களைத்தால் விசையைச் சீக்கிரம் விடுவார். இதை வடிவமைத்தவர்களும் அறிந்திருந்தார்கள். உயிர்போகும் இடங்களான ஸ்டியரிங் மூட்டு, சில்லுத் தாங்கி போன்றவற்றுக்கு அவர்கள் சாதாரண நட்டை நம்பவில்லை. கோட்டைச் சுவர் மாதிரி வெட்டுகள் உள்ள நட்டைப் போட்டு, குறுக்கே கொட்டர் பின் செருகி, அதன் இரண்டு காலையும் விரித்து மடக்கச் சொன்னார்கள். இறுக்கம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் நட்டு கழன்று விழாது. பின்னால் வரும் பரிசோதகருக்கும் வேலை சுலபம். பின் மடங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, வர்ணப் பொட்டு ஒன்று வைத்துவிட்டுப் போவார். கராஜில் அந்தக் கொட்டர் பின்னைப் போடாமல் கம்பித் துண்டைச் சுற்றிவிடுகிறவர்களைக் கண்டால் அந்த லொறியில் ஏறாதீர்கள்.

கடைசியில் மேல்தளத்திலிருந்து கெபின் இறங்கும், சில்லுகள் ஏறும், எண்ணெயும் தண்ணீரும் ஊற்றப்படும். ஒருவர் ஏறி உட்கார்ந்து முதல் முறையாக ஸ்டார்ட் செய்வார். கிளம்பியதெல்லாம் நல்ல லொறி இல்லை. லைனில் விட்டுப்போனதையும் பிழையாகப் பூட்டியதையும் சரிசெய்ய வெளியே ஒரு முற்றம் இருக்கும். தொழிற்சாலையின் கெட்டிக்கார மெக்கானிக்குகள் அங்கேதான் இருந்தார்கள். அமெரிக்க முறையில் லைனை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளிக்கு இல்லை. பிழை தெரிந்தாலும் போகவிட வேண்டும். 1935இல் ஜி1 என்ற லொறியோடு விற்பனையைத் தொடங்கி, 1950இல் மூழ்கும் நிலையிலிருந்து கொரிய யுத்தத்துக்கான அமெரிக்க இராணுவ லொறி ஓடர்களால் கரையேறிய டொயோட்டா பின்னர் வேறு வழியில் போனது. பிழையைக் கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்றது. வெளிமுற்றத்தில் திருத்துவதைவிட நின்ற இடத்தில் திருத்துவது மலிவு என்பது அவர்கள் கணக்கு.

கெபினும் வர்ணமும்

உடம்பை அதிகம் தின்ற வேலை செஸி லைனில் இருக்கவில்லை. கெபின் செய்யும் பகுதியிலும் வர்ணம் அடிக்கும் பகுதியிலும் இருந்தது. தகடுகளைச் சட்டகத்தில் பிடித்து வைத்து, பொட்டு வெல்டிங் செய்வார்கள். இரண்டு செப்பு முனைகளுக்கு இடையில் இரண்டு தகடுகளை அமுக்கிப் பிடித்து, ஆயிரக்கணக்கான அம்பியர் மின்சாரத்தை ஒரு விநாடியின் சிறு பங்குக்குப் பாய்ச்சினால், அந்தப் புள்ளியில் தகடுகள் உருகி ஒன்றாகும். இதைச் செய்யும் துப்பாக்கி பாரமானது, மேலேயிருந்து தொங்கும், அதன் கேபிளுக்குள் குளிர்விக்கத் தண்ணீர் ஓடுவதால் கேபிளே ஆளை இழுக்கும். அதைத் திருப்பி, குனிந்து, வளைந்து, புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போக வேண்டும். தீப்பொறி கழுத்துக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் விழும். தகட்டு விளிம்பு பிளேடு போல வெட்டும்.

தகடுகள் சேரும் இடத்தில் தெரியும் பள்ளங்களை ஈயத்தை உருக்கி நிரப்பி, பிறகு தேய்த்துச் சமப்படுத்தினார்கள். தேய்க்கும்போது பறக்கும் தூள் ஈயம். அதற்கென்று தனி அறையும் காற்றுக் குழாய் பூட்டிய முகமூடியும் கொடுத்த தொழிற்சாலைகள் இருந்தன. கொடுத்தும் ஈயம் இரத்தத்தில் ஏறியவர்கள் இருந்தார்கள். வர்ணத்திலும் ஈயம், பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ். அஸ்பெஸ்டஸ் விஷயம் நமக்கும் தூரத்துச் சங்கதி இல்லை. பழைய பிரேக் ட்ரம்மைக் கழற்றிக் காற்றடித்துத் தூசியை ஊதும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. ஈரத் துணியால் துடைப்பது எவ்வளவோ மேல்.

லைனின் வேகத்தைக் கூட்டுவதுதான் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஓயாத சண்டை. செஸி நகர நகர வேலை முடியவில்லையென்றால் நீங்களும் கூடவே நடந்து அடுத்தவரின் இடத்துக்குள் போய்விடுவீர்கள், அவர் திட்டுவார். கழிவறைக்குப் போக, மாற்றாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். தொழிலாளரும் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் இருவர் பேசிவைத்துக்கொண்டு, ஒருவர் இரண்டு வேலையையும் கொஞ்ச நேரம் பார்க்க மற்றவர் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். 1936 டிசம்பர் 30 முதல் 1937 பெப்ரவரி 11 வரை ஃப்ளிண்ட் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து நடத்திய வேலைநிறுத்தம்தான் அந்தத் துறையில் தொழிற்சங்கத்தை நிலைநாட்டியது. சம்பளம் அதில் ஒரு பகுதிதான். வேகமும் மேற்பார்வையாளரின் அடாவடியும் அதற்குக் குறையாத காரணங்கள்.

பெட்டியில் வந்த லொறி

லொறியைக் கப்பலில் அனுப்புவது வெற்றிடத்துக்குக் காசு கட்டுவது. கெபினுக்குள்ளும் செஸிக்கு அடியிலும் இருப்பதெல்லாம் காற்று. அதனால் பாகங்களாகப் பிரித்து மரப்பெட்டியில் அடைத்து, போய்ச் சேரும் நாட்டில் பூட்டும் முறை சீக்கிரமே வந்தது. நம்மவர் சி.கே.டி என்று சொல்வது இதைத்தான். வரியும் குறையும், இறக்குமதி செய்யும் நாட்டில் கொஞ்சம் வேலையும் கிடைக்கும். பிரித்தானியாவின் பெட்ஃபோர்டே இப்படிப் பிறந்ததுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1920களில் லண்டனில் ஹெண்டனில் ஷெவ்ரலே லொறிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலை லூட்டனுக்கு இடம் மாறி, 1931இல் பெட்ஃபோர்ட் என்ற சொந்தப் பெயரில் வெளிவந்தது. 1920களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயிலும் பூட்டத் தொடங்கியது; ஃபோர்டும் இந்தியாவில் பூட்டியது. வெறுமனே பூட்டுவது போதாது, இங்கேயே செய் என்று சுதந்திர இந்தியா சொன்னதும் 1950களின் நடுவில் இரண்டும் மூட்டை கட்டின.

பெட்டி லொறியின் உச்சம் இரண்டாம் உலக யுத்தம். சோவியத் யூனியனுக்குப் போக வேண்டிய அமெரிக்க லொறிகள் பெட்டிகளில் ஈரானுக்கு வந்தன. அந்திமேஷ்க், கோரம்ஷஹர் ஆகிய இடங்களில் பாலைவன வெயிலில் லைன் போட்டு, ஈரானியத் தொழிலாளரைக் கொண்டு பூட்டி, அங்கிருந்தே சரக்கேற்றி வடக்கே ஓட்டினார்கள். அதற்கு முன் லொறித் தொழிற்சாலையைக் கண்டேயிராத ஆட்கள் அவர்களில் நிறையப் பேர். சில வாரப் பழக்கத்தில் அவர்களால் லொறி பூட்ட முடிந்தது. அது அவர்கள் திறமைக்குச் சான்று. கூடவே, யாரும் பூட்டக்கூடியதாக அந்த லொறிகள் பிரிக்கப்பட்டிருந்தன என்பதற்கும் சான்று.

இலங்கைக்கு வந்த லொறிகள் பல ஊர்க் கைகளைக் கண்டவை. 1958இல் வந்த மூக்கு நீண்ட பெட்ஃபோர்ட் ஜே வகையும் 1959இல் வந்த தட்டை முகத்து டிகேயும் பிரித்தானியாவின் டன்ஸ்டபிள் தொழிற்சாலையின் வடிவங்கள். டாட்டா 1954இல் டைம்லர் பென்ஸோடு உடன்படிக்கை செய்து ஜம்ஷெட்பூரில் பென்ஸ் லொறியைச் செய்யத் தொடங்கியது. அதன் முதல் ஏற்றுமதி 1961இல் இலங்கைக்குத்தான். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கே லைனில் நின்றவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் பூட்டிய செஸிகள் பாக்கு நீரிணையைக் கடந்து இங்கேயும் ஓடின. 1982இல் அந்த நிறுவனமும் இலங்கை அரசும் கூட்டாகத் தொடங்கிய லங்கா அசோக் லேலண்ட் ஹோமாகம பக்கம் பனாகொடையில் பூட்டும் வேலையை நடத்தியது.

லொறியோடு பஸ்ஸையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், செஸி ஒன்றுதான். 1958 ஜனவரி 1இல் தனியார் பஸ் கம்பெனிகள் எல்லாம் இலங்கைப் போக்குவரத்துச் சபையாகின.  அந்தச் சபையின் வெரஹெர மத்திய பட்டறை, பஸ்ஸை முழுமையாகக் கழற்றித் திரும்பப் பூட்டும் வேலையில் தலைமுறை தலைமுறையாக ஆட்களைப் பழக்கிய இடம்.

ரோபோ எதை எடுத்தது

முதல் தொழிற்சாலை ரோபோ யூனிமேட், 1961இல் நியூ ஜேர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தது. அது செய்த வேலை வார்ப்பிலிருந்து வந்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது. 1970ஐ ஒட்டி லோர்ட்ஸ்டவுனில் பொட்டு வெல்டிங்குக்கு ரோபோக்கள் வரிசையாக நின்றன. அதே லோர்ட்ஸ்டவுனில் 1972 மார்ச்சில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரோபோ வேலையைப் பறித்தது என்பதற்காக மட்டுமில்லை; எஞ்சியிருந்த மனிதரும் ரோபோவின் வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது, ஆட்களும் குறைக்கப்பட்டிருந்தார்கள்.

லொறித் தொழிற்சாலைகளுக்கு ரோபோ தாமதமாக வந்தது. எண்ணிக்கை குறைவு, வகை அதிகம் என்ற பழைய காரணம்தான். வந்தபோது எடுத்துக்கொண்டது கெபின் வெல்டிங்கையும் வர்ணத்தையும், பிறகு கண்ணாடிக்குப் பசை தடவுவதையும். அவை உடம்பை அதிகம் கெடுத்த வேலைகள் என்பதால் அதற்காக யாரும் அழவேண்டியதில்லை. போன சம்பளங்களுக்காக அழலாம். ஆனால் செஸி லைன்? இன்றைக்கும் உலகின் பெரும்பாலான லொறித் தொழிற்சாலைகளில் வயர் இழுப்பதும் குழாய் பூட்டுவதும் எஞ்சினை இறக்கி ஒத்துவைப்பதும் மனிதர்தான். வளையும் வயரையும் குழாயையும் பிடிக்க ரோபோவுக்கு இன்னும் சரியாக வரவில்லை. மாறியது கருவி. காற்று ஸ்பானரின் இடத்தில் மின்சார ஸ்பானர். எவ்வளவு இறுக்கியது என்று அளந்து, போதாவிட்டால் சிவப்பு விளக்கைக் காட்டி, அந்த அளவைச் செஸி இலக்கத்தோடு சேர்த்துக் கணினியில் பதிந்துவைக்கும். கொட்டர் பின்னின் வேலையைப் பல இடங்களில் இந்தப் பதிவு எடுத்துக்கொண்டது.

ஆகவே புதிய லொறியைப் பஞ்சிகாவத்தையில் திருத்த முடியாமல் போவதற்கு ரோபோவைக் குற்றம் சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன். செஸி இன்னும் போல்ட்டில்தான் நிற்கிறது. கையைக் கட்டிப்போடுவது எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாடும் புகை விதிகளுக்காக வந்த சென்சர்களும். அவற்றைத் திறக்க ஸ்பானர் போதாது, அந்தக் கம்பெனியின் கணினி வேண்டும்.

வாங்கப் போகிறவருக்குச் சில குறிப்புகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல் திரும்பத் திறக்கப்படும்வரை பழைய லொறிகளுக்கு இருந்த கிராக்கி தெரிந்ததே. கையால் பூட்டிய காலத்து லொறி ஒன்றைப் பார்க்கப் போகிறவருக்கு மேலே சொன்னவற்றில் சில நேரடியாக உதவும்.

சட்டத்தில் ரிவெட் இருந்த இடங்களில் போல்ட் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. துளையைச் சரியாகத் துருவி, நெருக்கமான போல்ட் போட்டிருந்தால் அது ரிவெட்டுக்குக் குறைந்ததில்லை. ஒரு பக்கம் முழுவதும் போல்ட் என்றால் லொறி எப்போதோ மோதியிருக்கலாம், அல்லது நீளம் மாற்றப்பட்டிருக்கலாம். ரிவெட் தலையைச் சுற்றிச் செந்நிறத் துருக்கோடு கசிந்திருந்தால் அது தளர்ந்துவிட்டது. சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சத்தமே சொல்லும்.

பல பழைய பிரித்தானிய லொறிகளில் இடப்பக்கச் சில்லு நட்டுகள் எதிர்த்திசையில் கழரும். ஓடும்போது தானாகத் தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. லைனில் இடப்பக்கம் நின்றவருக்கும் வலப்பக்கம் நின்றவருக்கும் கருவி வேறு. இது தெரியாத பொடியன் குழாயைச் செருகி முழுப் பலத்தோடு இழுத்தால் கழராது, நட்டு ஏறும் ஸ்டட் முறியும். ஆகவே இடப்பக்கத்தில் புதிய ஸ்டட்டுகள் கலந்திருந்தால் பயப்பட வேண்டாம், அந்த லொறி யாரோ ஒரு கற்றுக்குட்டியிடம் அகப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பானரும் கவனம். பழைய பிரித்தானிய அளவு, அதற்குப் பின் வந்த அங்குல அளவு, பென்ஸ் வழி வந்த டாட்டாவின் மில்லிமீற்றர் அளவு என்று மூன்று உலகம். ஏறக்குறையப் பொருந்துகிற ஸ்பானரைப் போட்டு மூலை மழுங்கிய நட்டுகள், பார்த்தவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாகச் செஸி இலக்கம். பழைய லொறிகள் பலவற்றில் அதை ஒவ்வோர் இலக்கமாக, எழுத்து உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். ஒன்று ஆழமாக விழும், அடுத்தது பாதி விழும், வரிசை கொஞ்சம் ஏறி இறங்கும். இதைப் பார்த்து மாற்றி அடித்தது என்று சந்தேகப்பட்டு நல்ல லொறியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சந்தேகப்பட வேண்டியது வேறு. 1960களின் லொறியில் இலக்கம் நுண்புள்ளிகளால், ஒரே ஆழத்தில், அளவெடுத்தாற்போல நின்றால் அதைச் சுற்றியுள்ள வர்ணத்தைச் சுரண்டிப் பாருங்கள், பதிவுப் புத்தகத்தையும் இன்னொரு தடவை வாங்கி ஒத்துப்பாருங்கள்.